விலாங்கின் ஜாதகம்

ஜாதகம் கணித்துத் தரும்படி ஜோசியரிடம் போனால் அவர் முதலில் கேட்கும் கேள்விகள் இரண்டு. பிறந்த நேரம் என்ன? பிறந்த ஊர் எது? இந்த இரண்டும் தெரியாவிட்டால் எவ்வளவு கெட்டிக்கார ஜோசியரானாலும் பஞ்சாங்கத்தை மூடி வைக்க வேண்டியதுதான். கதை எழுதுகிறவன் பாடும் ஏறக்குறைய இதுவே. ஒரு பாத்திரத்தைப் படைத்து நடமாட விட்டால், "அவன் எந்த ஊர்? யார் பிள்ளை?" என்று வாசகர்கள் கடிதம் எழுதிக் கேட்டுவிடுவார்கள். நானும் இத்தனை வருஷங்களாக என் பாத்திரங்களுக்கு ஊரும் பேரும் தாய் தகப்பனும் தேடிக் கொடுத்து வந்திருக்கிறேன்.

ஆனால் உலகத்து மேதைகள் பலர் 2,300 வருஷங்களாகத் தேடியும் முழு ஜாதகம் கணிக்க முடியாத ஒரு பாத்திரம் உண்டு. அரிஸ்டாட்டில் தேடினார். மனப்பகுப்பாய்வு முறையின் தந்தையான பிராய்டு தேடினார். டென்மார்க் தேசத்துக் கப்பல்கள் தேடின. அந்தப் பாத்திரம் ஒன்றும் தேவலோகத்துப் பிராணி அல்ல. நம் ஆற்றிலும் குளத்திலும் நெளிகிற விலாங்குதான்.

விலாங்கைப் பற்றி நம்மவர்களுக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. பாம்புக்குத் தலையைக் காட்டி மீனுக்கு வாலைக் காட்டும் என்று பழமொழி கட்டி, இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்குகிற ஆசாமிகளுக்கு அதை உவமையாக்கிவிட்டோம். நான் இங்கே எழுதப் போகும் விருத்தாந்தத்தைப் படித்தால், அது நம்மிடம் காட்டியது தலையும் அல்ல, வாலும் அல்ல என்பது விளங்கும். காட்ட வேண்டியதைக் காட்டாமலே இருந்துவிட்டது!

* * *

நான் பிறந்து வளர்ந்தது காவிரியின் சிறு கிளை ஒன்று ஓடும் கிராமம். அங்கே மீன் பிடித்துப் பிழைத்த ஒரு பெரியவர் இருந்தார். ஊர்ப் பையன்கள் எல்லோருக்கும் அவர் தாத்தா. கோடையில் குளம் வற்றும்போது சேற்றைக் கிளறி அவர் விலாங்கு பிடிப்பதைப் பார்க்க நாங்கள் கரையில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். பள்ளிக்கூடத்தில் இல்லாத கவனம் அங்கே இருக்கும்.

ஒரு நாள் நான் கேட்டேன்:

"தாத்தா, விலாங்கு முட்டை போடுமா, குட்டி போடுமா?"

"ரெண்டும் இல்லே, தம்பி. அது சேத்துலே தானா உண்டாவுது. அம்பது வருசமா அறுக்கிறேன். கெண்டை வயித்துலே சினை பாத்திருக்கேன், விரால் வயித்துலே பாத்திருக்கேன். விலாங்கு வயித்துலே ஒரு நாளும் பாத்ததில்லே."

பறியைத் தோளில் மாட்டிக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்:

"ஐப்பசி வெள்ளத்துலே, இருட்டு ராத்திரியாப் பாத்து, பெரிய விலாங்கெல்லாம் தண்ணியோட கிழக்கே போவும். போனது ஒண்ணும் திரும்பினதில்லே."

சில வருஷங்கள் சென்றன. நான் கல்லூரிக்குப் போய் முதல் வருஷப் பாடப் புத்தகமும் அதைவிடக் கனமான கர்வமுமாக விடுமுறைக்கு ஊர் திரும்பினேன். தாத்தா அதே குளக்கரையில் இருந்தார். அவரிடம் போய், உயிரில்லாததிலிருந்து எந்த உயிரும் தானாக உண்டாகாது என்று நிரூபித்தாகிவிட்டது, சேற்றில் விலாங்கு பிறக்கிறது என்பதெல்லாம் பாமரர் கதை என்று பிரசங்கம் செய்தேன். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்படியா, தம்பி? அது எங்கே முட்டை போடுதுன்னு நீ பாத்தியா?" என்று கேட்டார்.

"புஸ்தகத்திலே போட்டிருக்கு, தாத்தா" என்றேன்.

"புஸ்தகத்துலே இருந்தாச் சரிதான்" என்று சொல்லி அவர் பறியை எடுத்துக்கொண்டு போனார்.

வாசகர்களே, புத்தகத்தில் அப்படி ஒன்றும் போட்டிருக்கவில்லை. விலாங்கு எங்கே முட்டையிடுகிறது என்று என் பாடப் புத்தகத்தில் ஒரு வரி கூடக் கிடையாது. ஐம்பது வருஷம் கண்ணால் பார்த்த ஒரு மனிதரிடம், ஒன்றும் பார்க்காத நான், இல்லாத ஒரு வரியைச் சாட்சி வைத்து ஜயித்துவிட்டு வந்தேன். அந்த ஜயம் வெகு காலம் வரை என்னை ஒன்றும் செய்யவில்லை. விலாங்கின் சரித்திரத்தைப் படித்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது.

* * *

அந்தச் சரித்திரம் கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலிடம் தொடங்குகிறது. பிராணிகள் எப்படிப் பிறக்கின்றன என்ற கேள்வியை அவரைப் போல உட்கார்ந்து ஆராய்ந்தவர் அதற்கு முன் இல்லை. கோழி அடைகாக்கும் முட்டைகளை நாளுக்கு ஒன்றாக உடைத்து, உள்ளே குஞ்சு உருவாவதைப் பார்த்து எழுதினார். ஒரு வகைச் சுறாவின் குட்டி, தாயின் வயிற்றுக்குள் கொடியால் இணைந்து வளர்கிறது என்றும் எழுதினார். அதை வெகு காலம் யாரும் நம்பவில்லை. 1842-இல் ஜெர்மன் விஞ்ஞானி யோஹன்னஸ் ம்யூல்லர் அது உண்மைதான் என்று காட்டினார். அவ்வளவு கூர்மையான கண் அரிஸ்டாட்டிலுக்கு!

அந்தக் கண் விலாங்கையும் பார்த்தது. அறுத்துப் பார்த்தார், சினையும் இல்லை, ஆண் மீனுக்குரிய பாலும் இல்லை. வற்றிய குட்டையில் சேற்றை வாரி எடுத்த பிறகும் மழை பெய்ததும் விலாங்கு தோன்றுகிறது என்று கண்டார். ஆகவே, விலாங்கு புணர்ந்து பிறப்பதுமில்லை, முட்டையிலிருந்து வருவதுமில்லை, 'பூமியின் குடல்' என்று சொல்லப்பட்டவற்றிலிருந்து ஈரச் சேற்றில் தோன்றுகிறது என்று முடிவு கட்டினார்.

இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வற்றிய குளம், சேறு, அறுத்துப் பார்த்த வயிறு, காணாத சினை! எங்கள் ஊர்த் தாத்தா சொன்னதற்கும் உலகத்தின் மகா தத்துவஞானி சொன்னதற்கும் எழுத்துக்கு எழுத்து வித்தியாசம் இல்லை. ஒருவர் மகா அலெக்ஸாந்தருக்குக் குருவாக இருந்தார். மற்றவர் கோவணத்துடன் குளத்தில் இறங்கினார். அவ்வளவுதான் பேதம்.

அரிஸ்டாட்டிலுக்குப் பிறகு ஆளுக்கொரு கதை கட்டினார்கள். ரோமாபுரியின் பிளினி, விலாங்கு பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொள்கிறது, உதிர்ந்த துணுக்குகள் உயிர் பெறுகின்றன என்று எழுதினார். குதிரையின் வால் மயிர் தண்ணீரில் விழுந்தால் விலாங்காகிவிடும் என்று இங்கிலாந்துக் கிராமத்தார் நம்பினார்கள். ஜெர்மானியர் குட்டி போடும் வேறொரு மீனைப் பார்த்து, இதுதான் விலாங்கைப் பெறுகிறது என்று எண்ணி, அதற்கு 'விலாங்குத் தாய்' என்றே பெயர் வைத்தார்கள். பாவம், அந்த மீன் இன்றைக்கும் ஊரார் பிள்ளைக்குத் தாய் என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது.

* * *

பதினேழாம் நூற்றாண்டில் காற்று திசை மாறிற்று. இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி என்ற வைத்தியர், 1668-இல் வெளியிட்ட நூலில் ஒரு சுலபமான பரிசோதனையை விவரித்தார். சில ஜாடிகளில் இறைச்சியைத் திறந்து வைத்தார், சிலவற்றை மூடினார், சிலவற்றை மெல்லிய துணியால் கட்டினார். ஈ உட்கார்ந்த இறைச்சியில்தான் புழு வந்தது. அழுகலிலிருந்து புழு தானாக உண்டாகிறது என்ற பழைய நம்பிக்கைக்கு அந்த மெல்லிய துணி பெரிய முட்டுக்கட்டையாயிற்று. ரெடி விலாங்கையும் கவனித்தார். பெரிய விலாங்குகள் ஆற்றோடு கடலுக்குப் போவதையும், நூல் போன்ற குஞ்சுகள் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வருவதையும் பார்த்து, இதன் பிரசவம் கடலில்தான் என்று சொன்னார். கிழக்கே போவது திரும்புவதில்லை என்று எங்கள் தாத்தா சொன்னது என் ஞாபகத்துக்கு வந்தது. அதையும் கேட்டுத்தானே நான் சிரித்தேன்?

அடுத்த நூற்றாண்டில் இத்தாலியில் ஸ்பல்லன்ஸானி என்ற பாதிரியார் தோன்றினார். பிராணிகளின் சந்தானம் பற்றிய சரித்திரத்தில் இவரைப் போல வேடிக்கையான பரிசோதனை செய்தவர் வேறு யாருமில்லை. ஆண் தவளைகளுக்குக் கால்சட்டை தைத்துப் போட்டார்! மெழுகு பூசிய பட்டில், இடுப்புக்குக் கச்சிதமாக. சட்டை போட்ட தவளை வழக்கம் போலப் பெண் தவளையை அணைத்துக்கொண்டது. ஆனால் பெண் இட்ட முட்டைகள் பொரிக்கவில்லை. பிறகு கால்சட்டையில் தேங்கியிருந்த துளியை எடுத்து வேறு முட்டைகளின் மேல் தடவினார். அவை உயிர் கொண்டன. சந்தானத்துக்கு ஆணின் பங்கு வெறும் ஆவியோ வாசனையோ அல்ல, தொட்டால் நனைகிற பொருள் என்பது தையற்காரர் தயவால் நிரூபணமாயிற்று.

அந்த நீரை அவர் வடிகட்டியும் பார்த்தார். வடிகட்டிய நீருக்குச் சக்தி இல்லை. தாளில் தங்கியதற்குத்தான் சக்தி. இன்னும் ஓர் அடி வைத்திருந்தால், ஹாலந்து தேசத்து லேவன்ஹூக் 1677-இல் தம் கண்ணாடியில் பார்த்த நெளியும் விந்தணுக்களே காரணம் என்று கண்டிருப்பார். வைக்கவில்லை. உயிர் முழுவதும் முட்டைக்குள் முன்பே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற கொள்கையில் அவருக்கு அவ்வளவு பற்று. கையில் சாட்சியை வைத்துக்கொண்டே வழக்கில் தோற்றவர் அவர்.

அதே ஸ்பல்லன்ஸானி 1792-இல் போ நதி கடலில் கலக்கும் கோமாக்கியோ என்ற காயலுக்குப் போனார். விலாங்குக்குப் பேர் போன ஊர் அது. அங்குள்ள மீனவர்களிடம் விசாரித்தார். தலைமுறை தலைமுறையாக விலாங்கை அறுத்தவர்கள், சினையுள்ள விலாங்கை ஒருவரும் பார்த்ததில்லை என்றே சொன்னார்கள். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே, 1777-இல், போலோன்யாவின் மொன்டீனி என்பவர், விலாங்கின் வயிற்றில் கொழுப்பு மடிப்பு என்று எல்லோரும் தள்ளிவிட்ட நாடா போன்ற பொருள்தான் சூற்பை என்று கண்டறிந்திருந்தார். ஸ்பல்லன்ஸானிக்கு அதில் நம்பிக்கை பிறக்கவில்லை.

பெண்ணைக் கண்டுபிடித்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். ஆண் எங்கே? அதற்கு இன்னும் 100 வருஷம் ஆயிற்று. காரணம் மிகச் சாதாரணமானது. ஆராய்ச்சிக்காரர்கள் எல்லோரும், உறுப்புகள் நன்றாகத் தெரியட்டும் என்று சந்தையில் பெரிய விலாங்காகப் பார்த்து வாங்கி அறுத்தார்கள். விலாங்கில் பெரியவை எல்லாம் பெண்! ஆண் ஒன்றரை முழத்தைத் தாண்டுவதில்லை. 1874-இல் திரியெஸ்தே நகரத்துக் காட்சிசாலையில் இருந்த ஸிர்ஸ்கி என்ற போலந்துக்காரர் சிறிய விலாங்குகளை எடுத்து அறுத்தார். உடனே வேறு விதமான, மடல் மடலான உறுப்பு ஒன்று அகப்பட்டது. இதுதான் ஆணின் விரையா?

* * *

அதைச் சரிபார்க்க வியன்னாவிலிருந்து ஒரு மாணவன் திரியெஸ்தேக்கு அனுப்பப்பட்டான். வருஷம் 1876. அவனுக்கு வயது இன்னும் 20 ஆகவில்லை. பெயர் சிக்மண்ட் பிராய்டு.

கடற்கரையில் ஒரு சிறிய ஆராய்ச்சி நிலையம். மேஜை, கத்தி, மைக்ராஸ்கோப். நாள்தோறும் விலாங்கு, விலாங்கு, விலாங்கு. அந்த வருஷத்தில் இரண்டு முறை போய், சுமார் 400 விலாங்குகளை அறுத்துப் பார்த்தான். ஸிர்ஸ்கி சொன்ன உறுப்பு இருந்தது. ஆனால் அதற்குள் விந்தணு ஒன்றுகூட இல்லை. 1877-இல் கட்டுரை வெளிவந்தது. ஸிர்ஸ்கி சொன்னது சரியாக இருக்கலாம், ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பதுதான் சாரம். மனிதர்கள் மனசுக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பதை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டவருக்கு முதலில் வாய்த்த நோயாளி, எதையும் வெளியே விடாத விலாங்கு!

இதில் ஒரு விசித்திரம் பாருங்கள். அதே 1876-இல்தான் ஆஸ்கர் ஹெர்ட்விக் என்ற ஜெர்மானியர், கடல் முள்ளெலி என்ற பிராணியின் முட்டைக்குள் ஆணின் கருவும் பெண்ணின் கருவும் ஒன்று சேருவதை விவரித்து வெளியிட்டார். 1827-இலேயே ஃபான் பேயர், பாலூட்டிகளுக்கும் முட்டை உண்டு என்பதை ஒரு நாயின் வயிற்றில் கண்டுபிடித்துவிட்டார். உலகத்தில் பிராணிகள் எப்படிச் சந்தானம் பெறுகின்றன என்ற பெரிய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. சந்தையில் முழம் போட்டு விற்கிற விலாங்குக்கு மட்டும் கிடைக்கவில்லை.

ஏன் என்பதை இன்று சொல்லிவிடலாம். நன்னீரில் இருக்கும் வரை விலாங்கு பருவமடைவதே இல்லை. பத்து, இருபது, சில சமயம் அதற்கும் மேற்பட்ட வருஷங்கள் மஞ்சள் நிறத்தில் சேற்றில் கிடக்கும். பிறக்கும்போது அது ஆணா பெண்ணா என்பது கூடத் தீர்மானமாவதில்லை. வளரும் இடத்தைப் பொறுத்தது. நெருக்கடியான இடத்தில் ஆண்கள் அதிகம் உண்டாகும். பிறகு ஒரு காலம் வரும். முதுகு கறுக்கும். வயிறு வெள்ளி போல் பளபளக்கும். கண்கள் பெரிதாகும். குடல் சுருங்கிப் போகும். அதற்குப் பிறகு சாப்பாடே கிடையாது. இலையுதிர் காலத்து இருட்டிரவுகளில் ஆற்றோடு இறங்கிக் கடலுக்குள் போய்விடும். அந்தக் கடல் யாத்திரையில்தான் சினையும் விந்தும் முதிர்கின்றன. ஆகவே பிராய்டு 400 அல்ல, 4,000 விலாங்கை அறுத்திருந்தாலும் கண்டிருக்க மாட்டார். நூல் பிடித்த மாதிரி சரியான இடத்தில்தான் தேடினார். ஆனால் காலம் வேறு.

* * *

இனிக் கதை கடலுக்குப் போகிறது. 1856-இல் ஜெர்மன் விலங்கியலார் காவுப், மெஸ்ஸினா ஜலசந்தியில் கிடைத்த ஒரு சிறு மீனுக்குப் பெயர் சூட்டியிருந்தார். வேப்பிலை போலத் தட்டையாக, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் மீன். லெப்டோசெபாலஸ் என்ற அந்தப் பெயருடன் அது 40 வருஷம் தனி ஜாதியாகவே புத்தகத்தில் இருந்தது. கிராஸ்ஸியும் கலாந்துருச்சியோவும் என்ற இரண்டு இத்தாலியர்கள் அதைத் தொட்டியில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் பார்த்தால் இலை குறுகிக் குறுகி உருண்டு, குட்டி விலாங்காகிவிட்டது! வளர வளரச் சிறுத்துப் போகிற பிள்ளையை அவர்கள் அப்போதுதான் பார்த்தார்கள். 1896-இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். மலேரியா ஆராய்ச்சியில், செகந்தராபாத்தில் உழைத்த ரொனால்ட் ராஸுடன் பின்னால் பெருஞ்சண்டை போட்ட கிராஸ்ஸி இவரேதான்.

பிள்ளை அகப்பட்டது. ஆனால் மெஸ்ஸினாவில் கிடைத்தவை எல்லாம் இரண்டரை அங்குலத்துக்கு மேற்பட்டவை. ஓரளவு வளர்ந்த பிள்ளைகள். தொட்டில் எங்கே?

இங்கேதான் யோஹன்னஸ் ஷ்மித் வருகிறார். டென்மார்க்காரர். 1904-இல் தோர் என்ற கப்பலில் ஃபாரோ தீவுகளுக்கு மேற்கே வேறு காரியமாக மீன் ஆராய்ந்துகொண்டிருந்தபோது வலையில் ஓர் இலை விலாங்கு விழுந்தது. மத்தியதரைக் கடலில்தான் விலாங்கு பிறக்கிறது என்றல்லவா அதுவரை நினைத்தார்கள்? அட்லாண்டிக்கின் வடகோடியில் இது எப்படி வந்தது? அந்த ஒரு குஞ்சு ஷ்மித்தின் 18 வருஷங்களை விழுங்கிவிட்டது.

அவருடைய தர்க்கம் எளிது, உழைப்புத்தான் அரிது. கடலில் எங்கே பிடித்தாலும் குஞ்சை அளக்க வேண்டும். எந்தத் திசையில் குஞ்சு சிறியதாகிறதோ அந்தத் திசையில் போக வேண்டும். மிகச் சிறியது அகப்படும் இடமே பிறந்த இடம். ஐரோப்பாக் கரையோரம் 75 மில்லிமீட்டர். மேற்கே போகப் போகச் சிறுத்தது. வியாபாரக் கப்பல்களின் தலைவர்களிடமெல்லாம் வலையைக் கொடுத்து, போகிற வழியில் வீசிப் பாருங்கள் என்று கெஞ்சினார். 1913-இல் மார்கரெதே என்ற கப்பல் புறப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளில் தரை தட்டி அழிந்தது. முதல் மகாயுத்தம் வந்து கடலையே மூடிவிட்டது. யுத்தம் முடிந்ததும் 1920-இல் டானா என்ற கப்பலில் மீண்டும் புறப்பட்டார். அமெரிக்க விலாங்கின் குஞ்சுகளும் கலந்து வந்தன. முதுகெலும்பில் ஐரோப்பிய விலாங்குக்குச் சராசரி 115 கணுக்கள், அமெரிக்க விலாங்குக்கு 107 கணுக்கள். எண்ணி எண்ணிப் பிரித்தார்.

கடைசியில் அவர் போய்ச் சேர்ந்த இடம் சர்காசோக் கடல். கரையே இல்லாத கடல்! அட்லாண்டிக்கின் நடுவே, நான்கு பக்கமும் நீரோட்டமே எல்லையாக, பாசி மிதக்கும் வெதுவெதுப்பான நீர்ப்பரப்பு. அங்கே சுமார் 5 மில்லிமீட்டர் நீளமே உள்ள குஞ்சுகள் கிடைத்தன. 1922 வாக்கில் ஷ்மித் தம் முடிவை எழுதினார். ஐரோப்பாவின் ஆறு குளங்களில் உள்ள விலாங்கு எல்லாம் ஏறக்குறைய 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் இந்த ஓரிடத்தில் பிறந்து, நீரோட்டத்தோடு மிதந்து வந்தவை என்றார்.

ஊர் கிடைத்துவிட்டது. ஆனால் ஷ்மித் அங்கே தாயைப் பார்க்கவில்லை. தகப்பனைப் பார்க்கவில்லை. ஒரு முட்டையைக் கூடப் பார்க்கவில்லை. 1933-இல் அவர் காலமானார். அவருக்குப் பிறகு போனவர்களும், விலாங்கு அந்தக் கடலில் முட்டையிடுவதைக் கண்ணால் கண்டதில்லை. அசோர்ஸ் தீவுகளிலிருந்து சில பெண் விலாங்குகளின் முதுகில் செயற்கைக் கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவியைக் கட்டி அனுப்பினார்கள். அவற்றில் சில சர்காசோவை எட்டியதாக 2022-இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. பெரிய விலாங்கு அங்கே போய்ச் சேருகிறது என்பதற்கு நேரான சாட்சி, ஷ்மித்துக்கு 100 வருஷம் கழித்துத்தான் கிடைத்தது.

ஜப்பானியர்கள் அதிர்ஷ்டசாலிகள். அவர்களுடைய விலாங்கு வேறு இனம், பசிபிக்கில் பிறப்பது. ட்சுகமோத்தோ என்ற பேராசிரியரின் குழுவினர் பல வருஷங்கள் தேடி, 2009-ஆம் ஆண்டு மே மாதத்தில், மரியானாத் தீவுகளுக்கு மேற்கே கடலடி மலைத்தொடர் ஒன்றின் அருகில் 31 முட்டைகளை வலையில் எடுத்தார்கள். அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு! ஆக, ஜப்பான் விலாங்கு ஒன்றுக்குத்தான் இன்று இடமும் திதியும் சேர்ந்த ஜாதகம் உண்டு.

* * *

இதெல்லாம் எதற்கு, தெரியாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகிக்கொண்டுதான் இருக்கிறது. ஐரோப்பியக் கரைக்கு வரும் கண்ணாடிக் குஞ்சுகள், 1980 வாக்கில் இருந்த நிலையை ஒப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குறைந்துவிட்டன. அணைகள் வழியை மறித்தன. மின்சார யந்திரங்களின் சக்கரங்கள் கடலுக்குப் போகும் தாய்களை நறுக்கின. கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஒரு புழு அவற்றின் காற்றுப் பையில் குடியேறியது. குஞ்சுகளையே கோடிக்கணக்கில் வாரி விற்றார்கள். தடை போட்ட பின்பும் கள்ளக் கடத்தல் நடந்தது. 2008-இல் ஐரோப்பிய விலாங்கை, அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

கோழி குறைந்தால் முட்டையை அடை வைக்கலாம். விலாங்கு குறைந்தால்? பண்ணைகளில் வளர்ப்பதாகச் சொல்வதெல்லாம் கடலிலிருந்து பிடித்த குஞ்சைத் தீனி போட்டுப் பெருக்க வைப்பதுதான். ஜப்பானில் 2010-இல் மருந்தூசியின் உதவியால் விலாங்கை முட்டையிட வைத்து, அந்தக் குஞ்சுகளை வளர்த்து, அடுத்த தலைமுறையையும் காண்பித்தார்கள். ஆனால் அது சந்தைக்குக் கட்டுபடியாகிற காரியமாக லேசில் வந்துவிடவில்லை. எப்படிப் பிறக்கிறது என்று பூராவும் அறியாத ஓர் உயிரை, எப்படித் தின்பது என்று மட்டும் பூராவும் அறிந்துகொண்டுவிட்டோம்.

நம் பக்கத்து விலாங்குக்கும் கடல்தான் தாய்வீடு. ஷ்மித் 1928 முதல் 1930 வரை டானாவில் உலகைச் சுற்றினார். அந்தப் பயணத்தில் சுமத்ராவுக்கு மேற்கே ஆழ்கடலில் இந்து மகா சமுத்திரத்து விலாங்கினங்களின் குஞ்சுகள் கிடைத்தன. நாகப்பட்டினத்துக் கரையில் நின்று பார்த்தால் அது கிழக்கே ஆயிரம் மைலுக்கு அப்பால்.

கிழக்கே! ஐப்பசி வெள்ளத்தில், இருட்டு ராத்திரியில், போனது திரும்புவதில்லை! பாதி விடையை அந்தப் பெரியவர் கையில் வைத்திருந்தார். மீதிப் பாதியில் அவர் தவறினார். அரிஸ்டாட்டிலும் அதே இடத்தில்தான் தவறினார். பார்த்ததைச் சரியாகப் பார்த்தார்கள். காணாததை இல்லை என்று எண்ணிவிட்டார்கள். நான் செய்த தவறு அதுவல்ல. காணாததைக் கண்டதாகச் சொன்னேன். ஆராய்ச்சி உலகத்தில் முதல் தவறைத் திருத்த 2,000 வருஷம் ஆனாலும் திருத்திவிடலாம். இரண்டாவது தவறுக்குத் திருத்தம் கிடையாது. அப்படிச் சொன்னவன் மேற்கொண்டு தேடவே மாட்டான்.

அவரிடம் போய், "தாத்தா, அது புஸ்தகத்திலே இல்லை. நீங்கள் சொன்னதிலே பாதி நிஜம்" என்று சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவர் இல்லை. குளம் மட்டும் இருந்தது. போன ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தேன். நல்ல மழை. வாய்க்கால் நிறைந்து கலங்கலாக ஓடிற்று. மதகின் பக்கத்தில் வெகு நேரம் குடையுடன் நின்றேன். என் பேரன், "எதைத் தாத்தா பாக்கறே?" என்று கேட்டான்.

"விலாங்கு போகிறதா என்று பார்க்கிறேன்" என்றேன்.

"அது எங்கே போய் முட்டை போடும்?"

"கிழக்கே, கடலுக்குள்ளே. சரியாக எந்த இடம் என்று நான் பார்த்ததில்லை, கண்ணா" என்றேன்.